பல்லுக்கொழுக்கட்டைக்கு மறுநாள்

நீங்கள் மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்த அன்று, நான் ஓய்வு பெற்று விட்டுவந்த நாற்காலியில் யார் உட்காருவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். ஜீனத் போனில் சொல்லிச் சிரித்தாள். யார் வேண்டுமானாலும் உட்காருங்கள். அதன் பின்னங்கால் ஒன்று ஆடும். கோட்டையூரில் தச்சு வேலை பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். இருபத்தாறு வருடம் அதில் உட்கார்ந்தும், ஒரு ஆப்பு அடித்துக் கொடு என்று அண்ணனைக் கூப்பிட்டதில்லை. என் சோம்பேறித்தனத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பயிற்சிக் குறிப்பு மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எந்த நாட்டுக்கு எந்தப் படிவம், எதை எதோடு இணைப்பது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை ஜீனத் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவாள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நம் வேலையில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அறியாமையால் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கெட்டிக்காரத்தனத்தால் செய்தேன்.

நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்பது என் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அகதிகளுக்கு அரிசி கொடுக்கிற ஆபீஸ் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இலங்கையிலிருந்து தப்பி வந்து இங்கே முகாமில் இருக்கிற குடும்பத்தில் ஒருவர், எங்கோ ஒரு குளிர்தேசத்துக்குப் போய் அடைக்கலம் கேட்கிறார். ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்கிறார். அந்த நாட்டு அதிகாரி அத்தாட்சி கேட்கிறார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவரிடம் காகிதம் ஏது? இங்கே இருக்கிற மனைவியோ தாயோ சொல்லும் வார்த்தைதான் அத்தாட்சி. அதைக் கேட்டு, எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்புவது நம் வேலை. நம்மையும் பார்க்காத, அந்தப் பெண்ணையும் பார்க்காத ஒருவர், அந்த நான்கு பக்கத்தை வைத்துக்கொண்டு நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

அதிகாரிகளுக்குத் தேதி வேண்டும். அதுதான் முதல் சிக்கல். முகாமிலிருந்து வருகிறவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்த கிழமை என்பார்கள், அங்கே கிழமை என்றால் வாரம். இரண்டாவது தடவை இடம்பெயர்ந்தபோது என்பார்கள். மாமி மோசம் போய், அதாவது இறந்து, முப்பத்தோராம் நாள் என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் இதோடு மல்லுக்கட்டினார்கள். நான்தான் ஒரு பெரிய சார்ட் தாளில் அந்த ஊர்த் திருவிழாக்கள், சண்டைகள், சுனாமி எல்லாவற்றையும் வருடம், மாதத்தோடு எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதைப் பார்த்து எந்தப் பேச்சையும் தேதியாக மாற்றிவிடுவேன். ஆபீசில் என்னைப் பஞ்சாங்கம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. மறைப்பானேன், நிறையப் பெருமை.

ஜீனத் அப்போது டைப்பிங் வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் நான் கொடுத்த நான்கு வாக்குமூலங்களை வரிசையாக டைப் செய்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. நாலு பேரும் ஒரே மாதிரில்ல பேசுறாக."

"ஒரே மாதிரி துன்பம், ஒரே மாதிரி பேச்சு" என்றேன்.

"இல்லக்கா. நாலு பேரும் உங்களை மாதிரி பேசுறாக."

பேச்சு தெளிவாக இருப்பது குற்றமா என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டேன். இருபத்திரண்டு வயதுப் பெண் சொன்னதை அன்றைக்குக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

தவமலர் வந்தது அதற்குப் பிறகு. சிங்கம்புணரி போகிற வழியில் இருக்கிற முகாமிலிருந்து பஸ் பிடித்து வருவாள். அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். பத்து வயது மகள் நிரோஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவாள். படிக்கட்டு முடிகிற இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுவாள். உள்ளே வந்து கழற்றலாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டாள். அவள் கணவர் சிவராசா இங்கே இருந்தவரை பெயிண்ட் வேலை பார்த்தவர். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றினார்களே, அதன் மேல்மாடிச் சுவர்கள் பூராவும் அவர் கை பட்டது. இரண்டு வருடம் முன்பு அவர் எப்படியோ வெளிநாடு போய்ச் சேர்ந்து, அடைக்கலம் கேட்டு மனுப் போட்டிருந்தார். ஊரில் இருந்தபோது ராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று வாரம் வைத்திருந்து சித்திரவதை செய்திருந்தது. வெளியே வந்ததும் மனைவியையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு படகேறியவர். அவரைப் பிடித்துப்போன அந்த ஒரு நாள்தான் அவருடைய மனுவின் உயிர். அதற்குத்தான் மனைவியின் வாக்குமூலம் கேட்டிருந்தார்கள். மனு ஏற்கப்பட்டால் மனைவியையும் மகளையும் அவர் அழைத்துக்கொள்ளலாம். மூவரும் ஒரே வீட்டில் இருப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

"அவரைப் பிடிச்சுக்கிட்டுப் போனது என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. பிள்ளைக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டின அடுத்த நாள். விடியக் காலமை வந்தவங்கள். கழுவாத சட்டி அப்பிடியே கிடந்தது."

எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டேன். குழந்தைக்கு முதல் பல் எட்டிப் பார்த்ததும் அரிசி மாவில் சின்னச் சின்னக் கொழுக்கட்டை அவித்து, குழந்தையை உட்கார வைத்து, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து அதில் கொட்டுவார்களாம். முன்னால் புத்தகம், பேனா, கண்ணாடி எல்லாம் பரப்பி வைத்து, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்களாம். நிரோஷினி கண்ணாடியை எடுத்தாளாம். அதைச் சொல்லும்போது தவமலர் சிரித்தாள். அடுத்த நாளைப் பற்றிச் சொல்ல வந்தவள் முந்தைய நாளைச் சொல்லிச் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

நோட்டில் அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். பிறந்த தேதி கையில் இருந்தது, ஏப்ரல் நடுவில். பல் எத்தனை மாதத்தில் முளைக்கும்? நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை வளர்த்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் கேட்டேன். "ஆறாம் மாசம் முளைச்சிரும்ல" என்றார். மறுநாள் வாக்குமூலத்தில் 'அக்டோபர் மாத நடுவில்' என்று எழுதினேன். கொழுக்கட்டையை எழுதவில்லை. அதிகாரிக்குக் கொழுக்கட்டை எதற்கு என்று நினைத்தேன்.

வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு பத்திக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினாள். அக்டோபருக்கும் தலையாட்டினாள். ஒரு விஷயத்தை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நம் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஆமாம் என்று சொல்வது, நாம் வாசித்தது சரி என்பதற்காக இருக்கவேண்டியதில்லை. வாழ்க்கை பூராவும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னதற்குத் தலையாட்டிப் பழகியவர்கள் அவர்கள். முகாமில் மாதம் இரண்டு தடவை கணக்கெடுப்புக்கு வரிசையில் நின்று, அதிகாரி வாசிக்கிற பெயருக்குக் கைதூக்குகிறவள், நான் வாசித்த மாதத்துக்கு மட்டும் எப்படி மறுப்புச் சொல்வாள்? படித்த அக்கா கணக்குப் போட்டிருக்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு வருடம் கழித்து மனு தள்ளுபடி ஆனது.

சிவராசாவுக்காக வாதாடிய வக்கீல் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வயதில் எனக்கு மகள் மாதிரி. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் போன் செய்தார். தீர்ப்பின் காரணத்தை மெதுவாக வாசித்துக் காட்டினார். தன்னைப் பிடித்துப்போனது மார்ச் மாதம் என்கிறார் மனுதாரர். மனைவி அதற்கு முந்தைய அக்டோபர் என்கிறார். குடும்பத்தின் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட ஒரு நாளில் ஐந்து மாத வித்தியாசம் வர முடியாது. ஆகவே இப்படி ஒன்று நடந்தது என்று நம்புவதற்கில்லை. படித்து முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அக்டோபர் என்று சொன்னது அவரா, நீங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் 'பல்லுக்கொழுக்கட்டைக்கு மறுநாள்' என்று இருந்தது. ஓரத்தில் பென்சிலில் 'ஆறு மாதம்', அதைச் சுற்றி ஒரு வட்டம்.

இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜீனத்துக்கு மட்டும் தெரியும். அன்றிலிருந்து ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தவமலர் ஆபீசுக்கு வந்தாள், மகள் இல்லாமல் தனியாக. வழக்கம்போலப் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் அப்பிடிச் சொன்னனானா அக்கா? ஐப்பசி எண்டு? எனக்கு நினைவே இல்லை. இவர் போனில கத்துறார், ஏன் மாத்திச் சொன்னனீ எண்டு. இப்ப என்னோட கதைக்கிறதே இல்லை. பிள்ளையோட மட்டும்தான் கதைக்கிறார்."

அப்போதே சொல்லியிருக்கலாம். பார்க்கிறேன், வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஏதேதோ சொல்லி அனுப்பினேன். அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. புருஷனின் வாழ்க்கையைத் தன் வாயால் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே அவள் பஸ் ஏறிப் போனாள், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேதியைத் தப்பாக எழுதியது வேறு. அந்த ஒன்பது நாளுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் கிடையாது.

பத்தாம் நாள் முகாமுக்குப் போனேன். தவமலர் வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நின்றபடியே கேட்டேன்.

"நிரோஷினிக்கு எத்தனையாவது மாசத்துல பல்லு முளைச்சுச்சு?"

"பதினொரு மாதம் அக்கா. சனமெல்லாம் கேட்டது, பிள்ளைக்குப் பல்லே வராதோ எண்டு. அதாலதான் அவ்வளவு பெரிசாச் செய்தனாங்கள்."

"இதை என்கிட்ட அன்னைக்குச் சொல்லலையே தவமலர்."

"நீங்கள் கேக்கேல்லையே அக்கா."

சொன்னேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் பிழிந்த பாவாடை ஒன்று இருந்தது, அதை உதறவும் இல்லை, வைக்கவும் இல்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, நான் பிழையாச் சொல்லேல்லை என்ன?" என்று கேட்டாள்.

"இல்லை. நீங்க சரியாத்தான் சொன்னீக."

"அதை அவருக்கு ஒருக்காச் சொல்லுவியளோ?"

என் போனிலிருந்தே சிவராசாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம், வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதம், பதினொரு மாதம், அக்டோபர் என்று நான் திணறிச் சொல்லி முடித்தேன். "அவ பக்கத்தில நிக்கிறாவோ? ஒருக்காக் குடுங்கோ" என்றார். தவமலர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கண்டதை நான் எந்த வாக்குமூலத்திலும் எழுதியதில்லை. இத்தனை நாளாக ஒரு மனிதரின் குரலுக்கு ஏங்கிக் கிடந்தவளின் முகம் அது. அந்த ஏக்கத்தை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

இனி ஆபீசில் நடந்தது. மேல்முறையீட்டுக்கு என் பெயரில் ஒரு வாக்குமூலம் கொடுக்கப்போகிறேன், மாதத்தைக் கணக்குப் போட்டு எழுதியவள் நான்தான் என்று சொல்லி நோட்டுப் பக்கத்தையும் இணைக்கப்போகிறேன் என்று நம் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் இப்போது வேறு ஊருக்குப் போய்விட்டார். சிங்கம்புணரிப் பக்கம் விவசாயக் குடும்பம், நல்ல மனிதர், எதையும் படபடப்பில்லாமல் பேசுவார்.

"அக்கா, நீங்க எழுதுன ஒம்பது மனு இதே மாதிரி முடிவாகாமக் கெடக்கு. தேதியை நாங்களாப் போட்டுக்கிருவோம்னு நீங்களே எழுதிக் குடுத்தீகன்னா, அந்த ஒம்பதையும் எவன் நம்புவான்? ஒரு வீட்டைக் காப்பாத்தப் போயி ஒம்பது வீட்டைக் கவுத்துராதீக."

அவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த ஒன்பது குடும்பத்திலும் தவமலர்கள் இருந்தார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஜீனத்தான் ஒன்பது ஃபைலையும் எடுத்து மேஜையில் வைத்தாள். "எதுல எல்லாம் உங்க கணக்கு இருக்குன்னு மொதல்ல பாப்பமேக்கா" என்றாள்.

பார்த்தோம். நான்கில் இருந்தது. அந்த நான்கு குடும்பங்களிடமும் திரும்பப் போனேன். இந்தத் தடவை தேதி கேட்கவில்லை. அந்த நாளுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதினேன். இரண்டில் என் கணக்கு சரியாகவே இருந்தது. ஒன்றில் ஒரு மாதம் பிசகு. ஒன்றில் வருடமே தப்பு. நான்குக்கும் திருத்தம் அனுப்பினோம், இப்படித்தான் எழுதினோம், இனி இப்படி எழுத மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லி. பொறுப்பாளர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். வருடம் தப்பாகிப்போன அந்த மனு பின்னால் தள்ளுபடி ஆனது. திருத்தம்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அவர் பயந்தது முழுக்கப் பொய் இல்லை என்பதையும் நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எது சரி என்று தெரிந்து செய்கிற காரியத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்கள்.

திருத்தங்களை அனுப்பிய அன்று சாயங்காலம் சுவரில் இருந்த சார்ட்டைக் கிழித்துப்போடப் போனேன். ஜீனத் தடுத்தாள். "இருக்கட்டும்க்கா. நம்ம பாத்துக்கிறதுக்கு இருக்கட்டும், எழுதுறதுக்கு வேணாம்" என்றாள். அதனால்தான் அது இன்னும் அங்கே இருக்கிறது. அதற்கு மேல் மரியாதை அதற்குக் கொடுக்காதீர்கள்.

மேல்முறையீடு சுலபமாக முடியவில்லை. தீர்ப்பு வந்த பிறகு செய்கிற திருத்தம் வசதிக்காகச் செய்ததாகத் தெரிகிறது என்று முதல் நீதிபதி எழுதினார். இரண்டாவது இடத்தில் ஃபைல் தூங்கியது. மூன்றாவதாக வந்த ஒருவர் மட்டும் என் நோட்டுப் பக்கத்தின் அசலைக் கேட்டார். பென்சில் வட்டத்தைப் பார்த்தார். அந்த வழக்கம் பற்றி வக்கீலிடம் அரை மணி நேரம் விசாரித்தாராம். பிறகு சிவராசா சொல்வதை நம்புகிறேன் என்று எழுதினார். எல்லாம் சேர்ந்து ஆறு வருடத்துக்கு மேல். கிறுக்கல் நோட்டு என்று எதையும் தூக்கிப்போடாதீர்கள். நாம் அழகாக டைப் செய்து அனுப்பியது ஒரு குடும்பத்தைப் பிரித்தது. கிறுக்கலாக எழுதிய ஒரு வரிதான் அதைச் சரிசெய்தது.

சரிசெய்தது என்றா எழுதினேன்? பொறுங்கள்.

செய்தி வந்த அன்று தவமலர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அடுத்த வாரமே மனைவி, மகளை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத்தை ஜீனத் நிரப்ப உட்கார்ந்தாள். பெயர், ஊர், உறவுமுறை. பிறந்த தேதிக்கு வந்ததும் கீபோர்டில் அவள் கை நின்றுவிட்டது. திரையை என் பக்கம் திருப்பினாள்.

நிரோஷினிக்குப் பதினெட்டு வயது முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அந்த நாட்டுச் சட்டத்தில், விண்ணப்பம் கொடுக்கிற நாளில் பதினெட்டு முடியாத பிள்ளைகளைத்தான் பெற்றோரோடு சேர்ப்பார்கள். முடிந்துவிட்டால் அவர்கள் கண்ணில் அவள் தனி ஆள். மனைவி போகலாம். மகள் போக முடியாது. முதல் தடவையே சிவராசாவை நம்பியிருந்தால் அவள் பதினோரு வயதில் போயிருப்பாள். நான் கணக்குப் பார்ப்பதில் பெயர் எடுத்தவள் அல்லவா, இந்தக் கணக்கையும் நான்தான் போட்டுப் பார்த்தேன். ஐந்து மாதப் பிழைக்கு ஏழு வருடம்.

தவமலர் போகமாட்டேன் என்றாள். ஒன்பது மாதம் அதையே சொன்னாள். அவளை மாற்றியது நிரோஷினிதான். கைக்குழந்தையாக வந்தவள், இங்கேயே பள்ளிக்கூடம் போனவள். வீட்டில் அம்மா மாதிரி பேசுவாள், வெளியே நம்மை மாதிரி பேசுவாள். ஒரு நாள் இருவரும் என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னது:

"அம்மா என்கூடப் பதினெட்டு வருசம் இருந்துருச்சு. அப்பா பத்து வருசத்துக்கு மேல ஒத்தையில கெடக்காக. இனி கொஞ்ச நாள் அங்குட்டு இருக்கட்டும்க்கா. நான் சித்தி வீட்ல இருந்துக்கிறேன். நீங்க சொன்னீகன்னா அம்மா கேக்கும்."

சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அந்தப் பெண்ணிடம் நான் அதுவரை உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா எப்பவோ சொல்லிருச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான். தவமலர் மகளின் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

தவமலர் போனாள். திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போன பிறகும் மூன்று தடவை வெளியே வரப் பார்த்தாள், காவலர் விடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற நிரோஷினி அழவில்லை. காரில் ஏறி, கீரனூர் தாண்டிய பிறகுதான் அழுதாள்.

பெரிய பிள்ளையாக இருந்தாலும் பெற்றோரைச் சார்ந்து இருக்கிறாள் என்று நிரூபித்தால், விதிவிலக்காகச் சேர்க்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஓய்வு பெறுவதற்கு முன் நான் கடைசியாக எழுதிய விண்ணப்பம் அதுதான். அதில் ஒரு கட்டம் வரும், நீங்களும் பார்ப்பீர்கள்: விண்ணப்பதாரருக்கும் குடும்பத்துக்கும் இடையே உள்ள உறவை விவரிக்கவும். என் பழைய கெட்டிக்காரத்தனம் உடனே நாலு நல்ல வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பேசச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

"சாயங்காலம் காலேஜ் விட்டு வந்ததும் அம்மாவுக்கு வீடியோ கால் போடுவேன். அம்மா அங்கன அடுப்படியில அரிசி டப்பாவுல போனைச் சாத்தி வச்சுட்டு சமைக்கும். நான் இங்கன டம்ளர்ல சாத்தி வச்சுட்டுப் படிப்பேன். ஒண்ணும் பேச மாட்டோம்க்கா. பேச என்ன இருக்கு. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். அப்பா சிப்ட்டு முடிஞ்சு வந்து வாசல்ல ஷூவைக் கழட்டுற சத்தம் கேக்கும். அதைக் கேட்டுட்டுத்தான் வைப்பேன்."

இதை ஓர் அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. சார்ந்திருப்பதற்கு இது அத்தாட்சி ஆகுமா என்றும் தெரியாது. ஆனால் இதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை. டைப் செய்து முடித்ததும் ஜீனத் வாசித்துப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

அந்த விண்ணப்பம் போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. பதில் இல்லை. நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் பேப்பரைப் படித்துவிட்டால் செய்ய ஒன்றும் இல்லை. ஆபீஸ் ஈமெயிலைத் திறந்து பார்க்க வேண்டும்போல் கை பரபரக்கிறது, பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். அவள் அவர்களோடு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது பெரிதாக வேறு ஆசை இல்லை. அது அவளுக்காகவா, எனக்காகவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

அந்த ஃபைல் இரும்பு அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. இனி அது உங்களுடையது. நிரோஷினி ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை வருவாள். பதில் வந்ததா என்று கேட்க மாட்டாள். ஜீனத்திடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவாள். அவள் உள்ளே நுழைந்ததும், தண்ணீரைக் கொடுப்பதற்கு முன்னால், இன்னும் ஒன்றும் வரவில்லை என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவளைக் கேட்க வைக்காதீர்கள்.